மாப்பிள்ளை வருமுன் கழுவிய அஞ்சல் பெட்டி

என் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என் அஞ்சல் பெட்டியைக் கழுவித் துடைத்து வைத்தார்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள், கிணற்றை இறைத்தார்கள், குளியலறைக்குப் புதுக் கதவு போட்டார்கள். அந்த வரிசையில் இதையும் செய்தார்கள். இதைச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். ஆறுதலாக, பதறாமல் சொல்லப் பார்க்கிறேன். முடியாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். அதனால் வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கும். கல்முனையில் நாங்கள் இருந்த வீட்டுக்கும் என் பெயரில் எழுதிய உறுதிப் பத்திரம் உம்மாவின் அலுமாரியில் பொலித்தீன் பைக்குள் பத்திரமாகக் கிடந்தது. உறுதியை எல்லோரும் மாறி மாறி எடுத்துப் பார்த்தார்கள், முத்திரை சரியா, எல்லை சரியா என்று விரல் வைத்துப் படித்தார்கள். என் பெயரில் இருந்த அந்த வீட்டில், என் அறையில், என் மேசையில் இருந்த கணினிக்குள் கை வைப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் போனது என்ன என்று விளங்கும். நெல் வெட்டும் இயந்திரங்களைச் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு, அவற்றின் கையேடுகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் தொழில். எந்தப் பட்டியை எப்போது மாற்றுவது, வைக்கோல் அடைத்துக்கொண்டால் முதலில் எதை நிறுத்துவது, ஓடும் பல்லுக்குள் கை போகாமல் எங்கே நிற்பது என்று பக்கம் பக்கமாக. சொல் கிடைக்காதபோது வாப்பாவோடு வயலுக்குப் போய் வெட்டு மெசின் ஓட்டுகிறவர்களிடம் கேட்டு வருவேன். நான் எழுதிய பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்புவேன். அந்தக் கம்பனியின் தமிழ் தெரிந்த பொறியியலாளர் ஒருவர் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு, திருத்தம் எழுதித் திருப்பி அனுப்புவார். பதினொரு மாதமாக இப்படி இருநூறு பக்கத்துக்கு மேல் போய் வந்தன. பிறகு அவர் வேலையை விட்டுப் போனார், அவருடைய அஞ்சல் பெட்டியையும் மூடிவிட்டார்கள். அவர் திருத்தியது அத்தனையும் உலகத்தில் ஒரேயொரு ஆளின் அஞ்சல் பெட்டியில் இருந்தது. அந்த ஆள் நான்.

அந்தத் திருத்தங்களைச் சேர்த்து முடித்த கையேட்டைக் கலியாணத்துக்கு முதல் நாள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் அடுத்த மூன்று வருட வேலையும் எனக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஒப்படைக்காவிட்டால் அத்தோடு சரி. காவின், அதாவது நிக்காஹ் ஒப்பந்தம், எழுதுகிற நேரத்தில், கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலை செய்வேன் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் முன்னாலும் உம்மாவைக் கொண்டு சொல்ல வைத்திருந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை என்ற ஒன்று இருந்தால்தானே அந்தத் தலையாட்டலுக்குப் பொருள்?

இனி, அந்தப் பெட்டியைக் காலியாக்கிய கணினிக் கட்டளை. எங்கள் ஊரில் கரண்டும் போகும், இணையமும் போகும். கடிதங்கள் எங்கேயோ தூரத்துச் சர்வரில் மட்டும் இருந்தால் பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அதனால் எல்லாக் கடிதங்களையும் என் கணினிகளிலேயே வைத்துக்கொள்ளப் பழகியிருந்தேன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். அந்த நிரல் சர்வரைப் பார்க்கும், என் கணினியைப் பார்க்கும், அங்கே இருந்து இங்கே இல்லாததைக் கொண்டுவரும், இங்கே இருந்து அங்கே இல்லாததைக் கொண்டுபோகும். பட்டனும் இல்லை, படமும் இல்லை. எனக்கு அந்த வரி பிடிக்கும். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது.

ஒரு பக்கத்தில் அழித்ததை மறு பக்கத்திலும் அழிக்கும்படி அதற்குச் சொன்னதும் நான்தான். குப்பைக் கடிதத்தை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே அழிக்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் அமைப்புக் கோப்பில் என் கையால் எழுதினேன். மூன்று கணினியில் இருக்கிறது, மூன்றும் ஒரே நேரத்தில் பழுதாகாது என்று ஒரு தைரியம். பழுதாவதைப் பற்றித்தான் யோசித்தேன். மனிதர்களைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த மடத்தனத்துக்காக என் மேலேயே எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஆனால் கதவைப் பூட்டாமல் விட்டவள் நான் என்பதற்காக உள்ளே வந்தவரை வாழ்த்தவேண்டும் என்று சட்டம் இல்லை.

பெயின்ட் வாசத்தில் தலை இடித்ததால் அந்த வாரம் பகலில் என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் இருந்து மடிக்கணினியில் வேலை செய்தேன். என் வீட்டு மேசைக் கணினியைப் பெயின்ட் படாமல் மூடி வைக்கிறேன் என்று ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், தானாக வந்து பொறுப்பேற்றார். போன் திருத்தும் கடை வைத்திருக்கிறவர். அதனால் எங்கள் குடும்பத்தில் வயர் உள்ள எந்தச் சாமானுக்கும் அவர்தான் வைத்தியர்.

அன்று காலை ராத்தாவின் சாப்பாட்டு மேசையில் இருந்து வழமைபோல அந்த வரியைத் தட்டினேன். வழமையாக இரண்டு மூன்று வரி வந்து நின்றுவிடும். அன்றைக்கு நிற்கவில்லை. திரை ஓடிக்கொண்டே இருந்தது. கடிதம் நிறைய வந்திருக்கிறது போல என்று தேநீரை எடுத்து ஒரு மிடறு குடித்தேன். பிறகுதான் வரியை வாசித்தேன். ஒவ்வொரு வரியும் அழிக்கிறேன், அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று போய்க்கொண்டிருந்தது. நிறுத்து விசையை நான் அமத்தியபோது ஓட வேண்டியது எல்லாம் ஓடி முடிந்துவிட்டது. மடிக்கணினியில் ஒன்றுமில்லை. சர்வரில் ஒன்றுமில்லை. முந்தின நாள் பின்னேரமே, நான் தானாக ஓட வைத்திருந்த அதே கட்டளையால், வீட்டுக் கணினி தன் பங்குக்கு அங்கே போய் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. நான் கொடுத்த உத்தரவைத்தான் அது செய்தது, பாவம்.

சர்வரை வாடகைக்குத் தருகிறவர்களுக்கு உடனே எழுதினேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. உரிமையாளரே அழித்தவற்றை மீட்டுத்தர வழியில்லை என்று. வெறுமையாகக் கிடந்த என் அஞ்சல் பெட்டியில் வந்து விழுந்த முதல் கடிதம் அது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மச்சான் வராந்தாவில் நின்று பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு நிறம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“மச்சான், என்ட மெயில யாரு தொட்ட?”

“நான்தான் கிளீன் பண்ணின. மெசின் சரியான ஸ்லோ. தேவல்லாத சாமானெல்லாம் உள்ளுக்க கெடந்திச்சி.”

“அது என்ட வேல.”

“வேலயெண்டா என்னத்துக்கு எல்லாம் ஆம்பிளப் பேராக் கெடக்கு? ஆயிரக்கணக்கில இரிக்கி. நாளைக்கி மாப்பிள்ள வந்து தொறந்து பாத்தா என்ன நினைப்பாரு? ஒன்ட நல்லதுக்குத்தானே செஞ்ச.”

என் நல்லதுக்கு. அந்த ஆம்பிளைப் பெயர்களில் முக்கால்வாசி ஒரே பெயர். அந்த ஒரே மனிதர் பதினொரு மாதமாக என்னோடு பேசியது சங்கிலியின் இறுக்கத்தைப் பற்றியும் எண்ணெய் மாற்றுவதைப் பற்றியும். எனக்குக் கண் மண் தெரியவில்லை. என்ன கத்தினேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் பெயின்ட் அடிக்கிறவர் ஏணியில் இருந்து இறங்கி முற்றத்துக்குப் போய்விட்டார். உம்மா குசினிக்குள் இருந்து ஓடி வந்தார்.

“சத்தம் போடாத மகள், வெளி ஆக்கள் நிக்காங்க. கலியாணப் பொண்ணு இப்படியா கதைக்கிற?”

“உம்மா, பதினொரு மாசத்து வேலய அழிச்சிட்டாரு.”

“அவரு வேணுமெண்டா செஞ்ச? திரும்ப எழுதலாந்தானே.”

திரும்ப எழுதலாம்தானே. சோறு குழைந்துவிட்டால் திரும்ப ஆக்கலாம்தானே என்பதுபோல அத்தனை இலேசாக. எட்டு நாளில், அந்த மனிதரும் இல்லாமல், இருநூறு பக்கத் திருத்தத்தை நான் எங்கேயிருந்து எடுப்பேன்? என் நினைவில் இருந்து எழுதி, ஒரு அளவு பிழைத்து, யாரோ ஒருவரின் கை அந்தப் பல்லுக்குள் போனால்? அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தேன்.

அப்போதுதான் மூன்றாவது கணினி நினைவுக்கு வந்தது. என்னுடைய பழைய மெசின். காவின் எழுதிய பிறகு, பரீட்சைத் தாள் தயாரிக்க உதவும் என்று மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தேன். அவர் மருதமுனையில் பாடசாலை ஆசிரியர். அந்த மெசினில் என் கடிதங்களின் பிரதி, பொறியியலாளரின் கடைசித் திருத்தம் வரைக்கும், அப்படியே இருந்தது. ஆனால் மெசினைப் போட்டவுடன் அந்தக் கட்டளை தானாக ஓடும்படியும் நானே எழுதி வைத்திருந்தேன். யாராவது அதைப் போட்டால், இணையம் இருந்தால், அது சர்வரைப் போய்ப் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை என்று கண்டு, பணிவாக, தன்னிடம் இருப்பதையும் அழித்துவிடும்.

மாப்பிள்ளைக்கு அழைத்தேன். வகுப்பில் இருக்கிறபடியால் போன் அணைத்துக் கிடந்தது. அவருடைய உம்மாவுக்கு, என் மாமிக்கு, அழைத்தேன்.

“மாமி, அந்தக் கம்பியூட்டர யாரும் போட வேணாம்.”

“ஏன் மகள்? பரீட்ச முடிஞ்ச நாளையில இரிந்து அது சும்மாதான் கெடக்கு. இண்டைக்கி மகன் பள்ளிக்கூடத்தால வந்து போடப் போறாரு, கலியாணக் காட் அடிக்கிற கணக்கு ஏதோ பாக்கணுமாம்.”

“நான் வந்துட்டிரிக்கன் மாமி. போட வேணாம்.”

காவின் எழுதினால் மார்க்கப்படி நாங்கள் கணவன் மனைவிதான். ஆனால் ஊர்ப்படி, கலியாண நாளில் மாப்பிள்ளை வந்து சேரும்வரை ஒருவரை ஒருவர் தூரத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். அதிலும் கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பெண் கூடப்பிறந்தவர் வீட்டைத் தவிர வேறு எங்கும் போகக்கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியே ஸ்கூட்டியில் போகிற பெண்ணைப் பற்றி ஊரில் என்ன கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உம்மா பின்னால் கூப்பிடக் கூப்பிடப் போனேன். பாண்டிருப்பு தாண்டும்வரைக்கும் வாய்க்குள் மச்சானோடு சண்டை பிடித்துக்கொண்டே போனேன். தலைக்கவசத்துக்குள் இருந்து சத்தமாகவே பேசியிருப்பேன் போல, சந்தியில் நின்ற ஒரு முச்சக்கரவண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாமி வாசலிலேயே நின்றார். என்னைக் கண்டதும் இருபக்கமும் பார்த்தார், ஸ்கூட்டியை வீட்டின் பின்புறம் தள்ளிக்கொண்டு போனார், நெல் காயப்போடும் படங்கை எடுத்து அதன் மேல் மூடினார். பிறகு முன் கதவைச் சாத்தினார். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது, என் பெயரைத்தான் அவர் மூடி வைத்தார்.

நேரே போய் ரவுட்டரின் கம்பியைக் கழற்றினேன். போதாது என்று அதன் மின்சாரக் கம்பியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் மெசினைப் போட்டேன். காற்றாடி கரகரவென்று சுழன்று திரை வர எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா? கறுப்புத் திரை வந்தது, கட்டளை தானாக ஓடப் பார்த்தது, சர்வரைத் தேடியது, கிடைக்கவில்லை என்று பிழை சொல்லி நின்றது. என் வாழ்நாளில் ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னது அன்றைக்குத்தான். கடிதங்களை எண்ணச் சொன்னேன். ஆறாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. சிவப்பு வட்டம் போட்ட பக்கங்கள் எல்லாம் இருந்தன.

முதலில் அந்தத் தானியங்கி வரியை அழித்தேன். பிறகு பென்டிரைவில் பிரதி எடுக்கத் தொடங்கினேன். பழைய மெசின், ஊர்ந்து ஊர்ந்துதான் எழுதும். மாமி சோறு போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

“தின்னுங்க மகள். முகமெல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு. அப்படி என்ன அதுக்குள்ள?”

“என்ட வேல மாமி.”

“வேலதானா? அல்லாஹ்வே, நான் என்னமோ ஏதோண்டு பயந்துட்டன்.”

இரண்டு வாய் தின்றேன். பிரதி முடிகிற நேரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை உள்ளே வந்து, என்னைக் கண்டு, கதவடியிலேயே நின்றுவிட்டார்.

“நீங்களா? எப்ப வந்த?”

நடந்ததைச் சொன்னேன். மச்சான் அழித்தது, மடிக்கணினியில் ஓடியது, சர்வரில் இல்லாமல் போனது எல்லாம். அவருடைய முகத்தில் அதிர்ச்சி வரும், மச்சானைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சேர்ட் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்.

“நான் லேசாத்தான் சொன்ன. இப்படி எல்லாத்தயும் அழிப்பாரெண்டு நினைக்கல்ல.”

“நீங்க சொன்னீங்களா?”

“அவரோட கதைக்கக்குள்ள சொன்னன். வேல செய்ற பிரச்சின இல்ல. ஆனா பழைய கடிதமெல்லாம் என்னத்துக்கு, கலியாணத்தோட புதுசாத் தொடங்கலாமே எண்டு சொன்னன். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் லேசாகச் சொல்கிறார், அந்த மனிதர் என் அறைக்குள் போய் விசையை அமத்துகிறார், உம்மா வாயில் விரல் வைத்து என்னை அடக்குகிறார். இவ்வளவும் என் நல்லதுக்கு. வழி நெடுக மச்சானைத் திட்டி நான் செலவழித்த கோபம் எல்லாம் வீணாகப் போனதுபோல இருந்தது. போனால் என்ன, புதுக் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

“என்ட பேருக்கு வந்த கடிதத்த அழிக்கச் சொல்ல ஒங்களுக்கு யாரு உத்தரவு தந்த?”

“நான் ஒங்கட மாப்பிள்ளதானே. சரி, பிழ நடந்துட்டு. இப்ப எல்லாம் கெடச்சிட்டுத்தானே? இன்னும் என்னத்துக்குக் கோவம்?”

என்னை அறிந்த எல்லோரும் அந்தக் கேள்வியைப் பிறகும் பல தடவை கேட்டார்கள். கையேட்டைச் சொன்ன நாளில் அனுப்பினேன், வேலையும் கிடைத்தது, அப்படியென்றால் இன்னும் என்ன என்று. அன்றைக்கு அதற்கு என் கைதான் பதில் சொன்னது.

அந்த மெசினிலேயே அவருடைய மின்னஞ்சலையும் நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன். அதைத் திறந்தேன். அவருடைய கடிதங்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் தெரிவுசெய்யும் விசையை அமத்தினேன், திரை முழுதும் நீலமானது. அழிக்கும் விசைக்கு மேல் விரலைக் கொண்டுபோனேன்.

“புதுசாத் தொடங்கலாமே,” என்றேன்.

இரண்டு எட்டில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேணாம்! என்ட இடமாற்றக் கடிதமெல்லாம் அதுக்குள்ளதான் இரிக்கி! வேற எங்கயும் இல்ல!”

பிடி வலித்தது. குசினி வாசலில் மாமி அசையாமல் நின்றார். ரவுட்டரின் கம்பி என் மடியில் கிடந்தது. அவருடைய அஞ்சலுக்கு இரு பக்கமும் அழிக்கும் அமைப்பை நான் வைக்கவில்லை, அமத்தியிருந்தாலும் சர்வரில் இருந்த அவருடைய கடிதங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

காவின் எழுதி அன்றைக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் அவர் என் கையைத் தொட்டதில்லை.